ஆளுநர் நாற்காலி காலியானால் யார் உட்காருவது? அமெரிக்க மாநிலங்களின் நான்கு வழிகள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடத் தொடங்கிய நம்மவர்கள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும்போது வாக்குச்சீட்டைப் பார்த்துக் குழம்புவது உண்டு. நியூ ஜெர்சியில் ஆளுநருக்குப் போடும் ஓட்டே துணை ஆளுநருக்கும் சேர்த்துத்தான். டெக்ஸாஸுக்கு வந்தால் துணை ஆளுநருக்குத் தனி ஓட்டு. ஆளுநர் ஒரு கட்சி, துணை வேறு கட்சி என்றுகூட வரலாம். ஓரிகனுக்குப் போனால் அந்தப் பதவியே கிடையாது. அரிசோனாவில் 2022-இல் "துணை ஆளுநர் பதவி வேண்டுமா, வேண்டாமா" என்று மக்களிடமே கேட்டார்கள். இப்படி ஒரு கேள்வி உங்கள் வாக்குச்சீட்டில் வந்தால் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவது? இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

புதுச்சேரி, தில்லியின் துணைநிலை ஆளுநரை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். அவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவருக்கு மேலே அங்கே ஆளுநர் என்று ஒருவர் இல்லை. அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுத்து ஆட்சி நடத்துபவர், ஏறக்குறைய நம் முதலமைச்சர் இடம். அவருக்கு அடுத்த ஆள்தான் துணை ஆளுநர்.

பதவி பிரிட்டிஷ் காலனிக் காலத்தது. அப்போது ஆளுநர் பட்டத்தை வாங்கிக்கொண்டு லண்டனிலேயே இருந்துவிடுவார்கள். வேலையைத் துணை ஆளுநர் பார்ப்பார். வர்ஜீனியாவுக்கு ஆளுநரான ஆர்க்னி பிரபு 1737-இல் சாகும்வரை அந்த மண்ணில் கால் வைக்கவில்லை. அவர் பெயரில் ஆண்டவர்களில் பேர்பெற்றவர் துணை ஆளுநர் அலெக்ஸாண்டர் ஸ்பாட்ஸ்வுட். விடுதலைக்குப் பிறகு நியூ யார்க் 1777-இல் இந்தப் பதவியை மக்கள் ஓட்டுக்கு விட்டபோது, ஜார்ஜ் கிளின்டன் என்பவர் ஆளுநராகவும் துணை ஆளுநராகவும் ஒரே தேர்தலில் ஜெயித்துவிட்டார்! துணைப் பதவியை விட்டுவிட்டு ஆளுநராகப் பதவியேற்றார். எல்லா மாநிலங்களும் இந்தப் பதவியை வைத்துக்கொள்ளவில்லை. மேரிலாந்து 1864-இல் கொண்டுவந்தது, 1867-இல் எடுத்துவிட்டது, நூறு வருடம் கழித்து மறுபடி கொண்டுவந்தது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

பதவிக்குச் சம்பளம் எவ்வளவு, அலுவலகச் செலவு எவ்வளவு என்றுதான் பிரசாரத்தில் பேசுவார்கள். மாநில பட்ஜெட்டில் அது கொசுறு. பார்க்கவேண்டியவை வேறு.

ஆளுநர் இறந்தால், விலகினால், சிறைக்குப் போனால், அடுத்தவர் யார் என்பதில் ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வரக்கூடாது. அப்படி வருபவர் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியின் திசையைத் தலைகீழாக்கக் கூடாது. ஆளுநர் நாலு நாள் வெளியூர் போனால் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடக்கக்கூடாது. மற்ற நாட்களில் துணை ஆளுநருக்குச் செய்ய ஏதாவது வேலை இருக்கவேண்டும். கடைசியாக, எல்லாரும் மறந்துபோவது: துணை ஆளுநர் பதவியே காலியானால் என்ன செய்வது?

முதல் அளவுகோல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜார்ஜியாவின் கதை ஒன்று போதும். 1945-இல் வந்த புதிய அரசியல் சட்டத்தில்தான் அங்கே துணை ஆளுநர் பதவி உருவானது. 1946 தேர்தலில் யூஜீன் டால்மட்ஜ் ஆளுநராகவும் மெல்வின் தாம்ப்சன் துணை ஆளுநராகவும் ஜெயித்தார்கள். டிசம்பர் 21 அன்று, பதவியேற்கும் முன்பே, டால்மட்ஜ் இறந்துபோனார். பதவியேற்ற ஆளுநர் இறந்தால் என்ன என்று சட்டத்தில் இருந்தது. பதவியேற்கப் போகிறவர் இறந்தால் என்ன என்று தெளிவாக இல்லை. சட்டமன்றம் டால்மட்ஜின் மகன் ஹெர்மனை ஆளுநராக்கியது. தாம்ப்சன் நான்தான் ஆளுநர் என்றார். பழைய ஆளுநர் எல்லிஸ் ஆர்னால், சட்டப்படி ஒருவர் வரும்வரை இடத்தைக் காலி செய்யமாட்டேன் என்றார். ஹெர்மனின் ஆட்கள் அலுவலகத்தைப் பிடித்துப் பூட்டை மாற்றினார்கள். ஆர்னால் தலைமைச் செயலகக் கட்டடத்தின் விசாரணை மேசையில் உட்கார்ந்து ஆளுநர் வேலையைப் பார்த்தார். மாநிலச் செயலர் பென் ஃபோர்ட்சன் அரசு முத்திரையைத் தன் சக்கர நாற்காலியின் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டார், யாரும் எதிலும் முத்திரை குத்திவிடக்கூடாது என்று. 1947 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தாம்ப்சன் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அடங்கியது. பதவி இருந்தால் மட்டும் போதாது, விதியில் ஓட்டை இருக்கக்கூடாது.

## வழி ஒன்று: தனித் தேர்தல்

டெக்ஸாஸ், கலிபோர்னியா, ஜார்ஜியா, வாஷிங்டன், வட கரோலினா உட்பட 17 மாநிலங்களில் துணை ஆளுநர் தனியாக நின்று ஜெயிக்கிறார்.

இந்த வழி நன்றாக வேலை செய்யும் இடம் டெக்ஸாஸ். அங்கே துணை ஆளுநர் 31 பேர் கொண்ட செனட்டை (மாநிலச் சட்டமன்றத்தின் மேலவை) நடத்துகிறார், குழுக்களை நியமிக்கிறார், எந்த மசோதா எப்போது வரும் என்று தீர்மானிக்கிறார், பட்ஜெட் வாரியத்துக்கு இணைத் தலைவராகவும் இருக்கிறார். சம்பளம் வருடத்துக்கு வெறும் 7,200 டாலர். ஆனால் ஆளுநரைவிட இவருக்குத்தான் பலம் அதிகம் என்று மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் வெகுகாலமாகச் சொல்வார்கள். குடியரசுக் கட்சி ஜார்ஜ் புஷ் 1995-இல் ஆளுநரானபோது ஜனநாயகக் கட்சியின் பாப் புல்லக் துணை ஆளுநர். இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். 1998 தேர்தலில் புல்லக் சொந்தக் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு புஷ்ஷை ஆதரிக்கும் அளவுக்கு. ஒரு விஷயம் மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: இந்த அதிகாரங்களில் பெரும்பகுதி அரசியல் சட்டத்தில் இல்லை, செனட் தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதிகளில் இருக்கிறது. செனட்டர்கள் நினைத்தால் பிடுங்கிக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் விலை ஆளுநர் பெட்டியைக் கட்டும்போது தெரியும். பல மாநிலங்களில் ஆளுநர் எல்லையைத் தாண்டினாலே அதிகாரம் துணைக்குப் போய்விடுகிறது. தந்தியும் ரயிலும் இருந்த காலத்தில் எழுதிய விதி. 1979-இல் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வெளியூரில் இருந்தபோது, எதிர்க்கட்சியைச் சேர்ந்த துணை ஆளுநர் மைக் கர்ப் ஒரு மேல்முறையீட்டு நீதிபதியை நியமித்துவிட்டார். திரும்பி வந்த பிரவுன் அதை ரத்து செய்தார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போனது. ஆளுநர் இல்லாதபோது துணைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் நியமனம் முற்றுப்பெறும் முன் ஆளுநர் அதைத் திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பு வந்தது.

கட்சி ஒன்றாக இருந்தால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்தால் ஐடஹோவைப் பாருங்கள். ஆளுநர் பிராட் லிட்டில், துணை ஆளுநர் ஜானிஸ் மகீச்சின், இருவருமே குடியரசுக் கட்சி. 2021 மே மாதம் லிட்டில் வெளியூர் போன சமயம், முகக்கவசக் கட்டாயத்துக்குத் தடை போட்டு மகீச்சின் உத்தரவிட்டார். லிட்டில் திரும்பிவந்து அதை நீக்கினார். அக்டோபரில் அவர் டெக்ஸாஸ் எல்லைக்குப் போனபோது மறுபடியும் ஒரு உத்தரவு. தலை இருக்க வால் ஆடும் கதைதான். வட கரோலினாவில் விலை இன்னும் கூடுதல்: 2024-இல் துணை அதிபர் வேட்பாளர் பட்டியலிலிருந்து ஆளுநர் ராய் கூப்பர் விலகியபோது, தான் பிரசாரத்துக்குப் போனால் எதிர்க்கட்சித் துணை ஆளுநர் மார்க் ராபின்சன் என்ன செய்வாரோ என்பதும் ஒரு காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

ஆக, துணை ஆளுநருக்குச் சட்டமன்றத்தில் உண்மையான வேலை இருக்கிறது, எல்லை தாண்டினால் அதிகாரம் போகும் விதி இல்லை என்றால் தனித் தேர்தல் சரி. இல்லாவிட்டால், அடுத்த தேர்தலில் ஆளுநராக நிற்க ஆசைப்படுபவருக்கு மக்கள் செலவில் ஒரு மேடை, அவ்வளவுதான்.

## வழி இரண்டு: ஜோடியாக நிற்பது

26 மாநிலங்களில் ஆளுநரும் துணையும் பொதுத் தேர்தலில் ஒரே ஜோடி, ஒரே ஓட்டு. நியூ யார்க்தான் 1953-இல் இதை முதலில் கொண்டுவந்தது. ஆனால் இதில் இரண்டு ரகம் இருக்கிறது. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், விளைவு பெரிது.

முதல் ரகத்தில், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் இருவரும் தனித்தனியே நிற்பார்கள். அங்கே ஜெயித்த இருவரையும் பிறகு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பொருத்தம் பார்க்காமல் தாலி கட்டுவது மாதிரி. இல்லினாயில் 1986-இல் ஜனநாயகக் கட்சியின் துணை ஆளுநர் உட்கட்சித் தேர்தலில் லிண்டன் லாரூஷ் என்ற தீவிரப் போக்குக்காரரின் ஆதரவாளர் ஜெயித்துவிட்டார். ஆளுநர் வேட்பாளர் மூன்றாம் அட்லாய் ஸ்டீவன்சன், அவரோடு ஒரே சீட்டில் நிற்கமாட்டேன் என்று தன் கட்சிச் சின்னத்தையே விட்டுவிட்டு, புதிதாக ஒரு கட்சியைத் தொடங்கி நின்று தோற்றார். 2010-லும் அதே மாநிலத்தில் அதே கட்சிக்கு அதே கதை. ஜெயித்த வேட்பாளரின் பழைய விவகாரங்கள் வெளிவந்து, சில நாட்களில் அவர் விலகவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் விதியை மாற்றி, 2014 முதல் உட்கட்சித் தேர்தலிலேயே ஜோடியாக நிற்கவைத்தார்கள்.

நியூ யார்க் வெகுகாலம் மாற்றவில்லை. அங்கே 1998-இல் துணை ஆளுநர் பெட்ஸி மெக்காகி கட்சி மாறி, தன் ஆளுநர் பட்டாக்கியை எதிர்த்தே களம் இறங்கினார். 2025-இல் துணை ஆளுநர் அன்டோனியோ டெல்கடோ, ஆளுநர் கேத்தி ஹோக்குலை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார்.

இரண்டாவது ரகத்தில் ஆளுநர் வேட்பாளரே துணையைத் தேர்ந்தெடுக்கிறார். மேரிலாந்து, நியூ ஜெர்சி இந்த ரகம். 1969-இல் மேரிலாந்து ஆளுநர் ஸ்பைரோ ஆக்னியூ அமெரிக்கத் துணை அதிபராகப் போனபோது அங்கே துணை ஆளுநர் கிடையாது. சட்டமன்றம் கூடி மார்வின் மாண்டலைத் தேர்ந்தெடுத்தது. ஆக்னியூ குடியரசுக் கட்சி, மாண்டல் ஜனநாயகக் கட்சி. மக்கள் ஓட்டுப் போட்டது ஒன்று, வந்து உட்கார்ந்தது வேறு. அடுத்த வருடமே மக்கள் ஓட்டெடுப்பில் பதவியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதன்படி முதலில் வந்த மூன்றாம் பிளேர் லீக்கு, மாண்டலே வழக்கில் சிக்கியதால் 1977 முதல் 1979 வரை ஆளுநர் வேலையைப் பார்க்க நேர்ந்தது.

ஜோடி வழியின் மறைந்திருக்கும் விலை: துணைக்குச் சொந்தமாக ஓட்டுப் பலம் கிடையாது, ஆளுநர் கொடுத்தால் வேலை, இல்லாவிட்டால் ரிப்பன் வெட்டுவதுதான். இல்லினாயின் டேவ் ஓ'நீல் 1981-இல் சலிப்புத் தாங்காமல் பதவியை விட்டே போனார். நியூ ஜெர்சி இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறது. அங்கே ஆளுநர் துணைக்கு ஒரு துறையையோ வேறு நிர்வாகப் பொறுப்பையோ தந்தே ஆகவேண்டும். அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவி மட்டும் கூடாது. முதல் துணை ஆளுநர் கிம் குவாடானோ மாநிலச் செயலராகவும், அடுத்து வந்த ஷீலா ஆலிவர் உள்ளாட்சித் துறைத் தலைவராகவும் வேலை பார்த்தார்கள்.

பக்கத்துப் பக்கத்து மாநிலங்களான மேரிலாந்தையும் வர்ஜீனியாவையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வழிகளின் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அருணா மில்லர், கஜாலா ஹாஷ்மி இருவருமே ஹைதராபாத்தில் பிறந்தவர்கள். மேரிலாந்தில் அருணாவை வெஸ் மூர் தன் துணையாகத் தேர்ந்தெடுத்தார். 2023 ஜனவரியில் பதவியேற்றார். அவருடைய வேலை மூர் கொடுப்பது. வர்ஜீனியாவில் கஜாலா 2025 நவம்பரில் தனியாக நின்று ஜெயித்தவர். அவர் வேலை 40 பேர் செனட்டை நடத்துவதும், ஓட்டு சமமானால் தீர்த்துவைப்பதும்.

## வழி மூன்று: செனட் தலைவரே அடுத்தவர்

மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் துணை ஆளுநர் இல்லை; செனட் தலைவர்தான் வரிசையில் அடுத்து. டென்னசி, மேற்கு வர்ஜீனியாவில் அதே ஆளுக்குத் துணை ஆளுநர் என்று பட்டமும் உண்டு. செலவு மிச்சம், ஆள் அனுபவசாலி.

நியூ ஜெர்சியும் 2010 வரை இப்படித்தான். அங்கே ஆளுநர் வேலையைப் பார்ப்பவர் செனட் தலைவர் பதவியையும் விடவேண்டியதில்லை. மசோதாவை நிறைவேற்றுபவரும் அவர், கையெழுத்துப் போடுபவரும் அவர்! 2001-இல் கிறிஸ்டின் விட்மன் மத்திய அரசுக்குப் போனபோது டொனால்டு டிஃபிரான்செஸ்கோ ஒரு வருடம் இப்படி நடத்தினார். அப்புறம் 2002 ஜனவரியில் கூத்து. 8-ஆம் தேதி அவருடைய செனட் பதவிக்காலம் முடிந்தது. புதிய ஆளுநர் மெக்ரீவி பதவியேற்பது 15-ஆம் தேதி. நடுவில் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜான் ஃபார்மர் ஒன்றரை மணி நேரம் ஆளுநராக இருந்தார். புதிய செனட்டில் கட்சிக்கு 20 பேர் என்று சமமாகப் பிரிந்ததால் இரண்டு தலைவர்கள். ஜான் பென்னட் மூன்றரை நாள், ரிச்சர்ட் கோடி மூன்றரை நாள். எட்டு நாளில் ஐந்து ஆளுநர்கள். 2004-இல் மெக்ரீவியும் விலக, கோடி மறுபடி வந்தார். 2005-இல் மக்கள் போதும் என்று துணை ஆளுநர் பதவிக்கு ஓட்டுப் போட்டார்கள்.

மேற்கு வர்ஜீனியாவில் சிக்கல் வேறு. 2010-இல் ஆளுநர் ஜோ மான்சின் நாட்டின் தலைநகர் வாஷிங்டனுக்குப் போனதும் செனட் தலைவர் டாம்ப்ளின் பொறுப்பேற்றார். எவ்வளவு காலம் இருக்கலாம் என்று வழக்கு நடந்து, ஒரு வருடத்துக்குள் தேர்தல் நடத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டமன்றம் சிறியது, எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர் என்றால் இந்த வழி ஓடும். எதிர்க்கட்சி கையில் செனட் இருக்கும் வழக்கமுள்ள மாநிலத்துக்கு ஆகாது.

## வழி நான்கு: மாநிலச் செயலர்

ஓரிகன், வயோமிங், இதுவரை அரிசோனா. தேர்தலை நடத்தும் மாநிலச் செயலர்தான் அடுத்தவர். அவரும் மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கியவர், கையில் நிரந்தர வேலையும் இருக்கிறது. ஓரிகனில் 2015-இல் கிட்ஸ்ஹாபர் விலகியதும் கேட் பிரவுன் அலுங்காமல் ஆளுநரானார்.

அரிசோனாவில்தான் இதன் பலவீனம் முழுவதும் தெரிந்தது. 1977-இல் ராவுல் காஸ்ட்ரோ தூதராகப் போக, செயலர் வெஸ்லி போலின் ஆளுநரானார். 1978 மார்ச்சில் அவர் இறந்தபோது செயலராக இருந்த ரோஸ் மொஃபர்டு நியமனத்தில் வந்தவர், தேர்தலில் அல்ல; அதனால் அவரைத் தாண்டி அரசுத் தலைமை வழக்கறிஞர் புரூஸ் பாபிட்டுக்குப் போனது. 1988-இல் மெக்காம் பதவி நீக்கப்பட, ஆட்சி குடியரசுக் கட்சியிடமிருந்து ஜனநாயகக் கட்சியின் அதே மொஃபர்டுக்கு மாறியது. 2009-இல் ஜேனட் நபோலிடானோ ஒபாமா அமைச்சரவைக்குப் போனபோது எதிர்த்திசையில், ஜான் புரூவரிடம். தேர்தலே இல்லாமல் இரண்டு முறை ஆட்சி கட்சி மாறியது. 1994-லும் 2010-லும் துணை ஆளுநர் பதவியை வேண்டாம் என்ற அரிசோனா, 2022-இல் சரி என்றது. முதல் ஜோடித் தேர்தல் 2026 நவம்பர்.

## எல்லாரும் மறக்கும் ஓட்டை

துணை ஆளுநர் மேலே போனால் அவர் இடம் காலி. 2000 டிசம்பரில் புஷ் அதிபராகப் போக, ரிக் பெர்ரி ஆளுநரானார். டெக்ஸாஸ் செனட் தன் உறுப்பினர் பில் ராட்லிஃபைத் துணை இடத்துக்குத் தேர்ந்தெடுத்தது. விதி இருந்தது, வேலை முடிந்தது.

நியூ யார்க்கில் தெளிவான விதி இல்லை. 2008-இல் ஆளுநர் ஸ்பிட்சர் விலகி டேவிட் பேட்டர்சன் ஆளுநரானதும் துணை இடம் காலியாகவே கிடந்தது. 2009 ஜூனில் செனட் 31-க்கு 31 என்று முடங்கியபோது, நடத்தவேண்டிய துணை ஆளுநரே இல்லை. ஜூலையில் பேட்டர்சன் துணிந்து ரிச்சர்ட் ராவிட்சை நியமித்தார். அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு மாநிலத்தின் உச்ச அமர்வு வரை போய், 4-க்கு 3 என்ற ஒரு ஓட்டில் பிழைத்தது.

நியூ ஜெர்சியில் 45 நாளுக்குள் ஆளுநர் நியமிக்கவேண்டும். 2023 ஆகஸ்ட் 1 அன்று ஷீலா ஆலிவர் இறந்தார்; ஆளுநர் மர்ஃபி இத்தாலியில் விடுமுறையில் இருந்ததால், உடல்நலம் குன்றும்வரை பொறுப்பு ஆளுநரே அவர்தான். செனட் தலைவர் இடைப்பட்ட நேரத்தைப் பார்த்துக்கொண்டார், செப்டம்பரில் தஹீஷா வே வந்தார். அதே மாநிலத்தில் 2010 டிசம்பரில் பெரும் பனிப்புயல் வந்தபோது ஆளுநர் கிறிஸ்டி ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில், குவாடானோ மெக்சிகோவில். எந்தச் சட்டமும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் லீவு போடுவதைத் தடுக்காது.

## ஒரு பார்வையில்

| | அடுத்தவர் யார் என்ற தெளிவு | கட்சி மாறும் அபாயம் | ஆளுநர் வெளியூரில் | அன்றாட வேலை |
|---|---|---|---|---|
| தனித் தேர்தல் | நல்லது | உண்டு | தொல்லை | டெக்ஸாஸில் ஏராளம், பல இடங்களில் சொற்பம் |
| ஜோடி, உட்கட்சியில் தனி | நல்லது | குறைவு | கொஞ்சம் உரசல் | ஆளுநரின் மனநிலையைப் பொறுத்தது |
| ஜோடி, ஆளுநர் தேர்ந்தெடுப்பது | நல்லது | மிகக் குறைவு | தொல்லை இல்லை | துறை கொடுத்தால் உண்டு |
| செனட் தலைவர் | செனட் சமமாகப் பிரிந்தால் போச்சு | அதிகம் | சமாளிக்கலாம் | இருக்கிறது, இரட்டை அதிகாரம் |
| மாநிலச் செயலர் | நியமனமானவர் என்றால் சிக்கல் | அதிகம் | சமாளிக்கலாம் | இருக்கிறது |

## என் ஓட்டு

ஆளுநர் வேட்பாளர் தேர்ந்தெடுக்கும் ஜோடி, கூடவே ஒரு துறைப் பொறுப்பு. இன்றைய கட்சிச் சண்டையின் சூட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. டெக்ஸாஸ்காரர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார், அதில் நியாயமும் உண்டு. அங்கே துணை ஆளுநர் பதவியைத் தொட்டால் செனட்டின் அடித்தளமே ஆடும். வயோமிங் மாதிரி ஒரே கட்சி ஆதிக்கமுள்ள சின்ன மாநிலத்தில் மாநிலச் செயலரே போதும், புதிதாக ஒரு பதவி வேண்டியதில்லை.

உங்கள் வாக்குச்சீட்டில் இந்தக் கேள்வி வந்தால் தலைப்பைப் படித்துவிட்டு ஓட்டுப் போடாதீர்கள். திருத்தத்தின் முழு வாசகத்தில் மூன்றைத் தேடுங்கள். பதவியேற்கும் முன் ஆளுநர் இறந்தால் யார்? ஆளுநர் எல்லை தாண்டினாலே அதிகாரம் கைமாறுமா, அல்லது செயல்பட முடியாத நிலையில் மட்டுமா? துணை இடம் காலியானால் யார், எத்தனை நாளில் நிரப்புவது? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் நான் "வேண்டாம்" என்றுதான் குத்துவேன், சரியாக எழுதிக்கொண்டு அடுத்த தேர்தலுக்கு வரட்டும்.